குவிமாடத்தைப் பார்த்த டிஷ்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று நாற்பதுக்குப் படம் வந்தது.

திசை இருநூற்றுப் பதினொரு பாகை. உயரம் முப்பத்துமூன்று. சிக்னல் எழுபத்தெட்டு வீதம். என் கொப்பியில் அப்படித்தான் இருக்கிறது. எழுதிய பிறகு மூன்று தடவை சரி பார்த்தேன். ஆனால் அந்தப் படத்தைக் கண்டவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், மற்றவர் என் கணவர் றொசான். வீட்டில் மற்ற எல்லோரும் அந்த நேரம் செபமாலைக்குப் போயிருந்தார்கள்.

அவர்கள் வரும்வரை காத்திருந்து காட்டியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆறரைக்கு வகுப்பில் ஒரு சோதனை, அதற்கு முதல் அங்கே போய்ப் படிக்கவும் இருந்தது. றிசீவரை நிறுத்திவிட்டு ஓடிவிட்டேன். என் பிழைகளின் பட்டியலில் அதுதான் முதலாவது.

எங்கள் வீடு மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் தட்டு. றொசானின் அம்மா, என் மாமி றெஜினா, அவருடைய மூத்த மகன் வின்சன்ட் அத்தான், அவர் மனைவி றோஸ்மேரி அக்கா, அவர்களின் மூன்று வயது மகள் எலிசா, பிறகு நாங்கள் இருவர். மாமியின் கடைசி மகன் டெனிஸ்டன் மன்னாரில் இருக்கிறார். சனிக்கிழமை அவருக்குக் குருப்பட்டம், அன்றிலிருந்து அவர் பாதர்.

மாமியால் போக முடியவில்லை. கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் படுக்க வேண்டும். ஒரு தமிழ்க் கத்தோலிக்க சனல் குருப்பட்டப் பூசையைப் பதிவு செய்து ஒரு மணித்தியாலமாகச் சுருக்கிக் காட்டப்போகிறது, மொன்றியல் நேரம் சனி பின்னேரம் இரண்டு மணிக்கு. இன்ரநெற்றில் போட ஒரு மாதம் ஆகுமாம். அந்தச் சனல் இலவசமாக வருவது செய்மதி டிஷ்ஷில் மட்டும்தான்.

புதன்கிழமை டெனிஸ்டன் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"அம்மா, உங்கட இடத்தில நிண்டு என்னைப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறது ஆரெண்டு நான் சொல்லமாட்டன். ரீவியில பாருங்கோ."

"சின்னம்மாவோடா?"

"சொல்லமாட்டன் எண்டனே. ஒருதரும் படம் அனுப்பக்கூடாதெண்டு இஞ்சை எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். நீங்கள் கண்டு அழவேணும்."

மாமி அன்றைக்கே கொஞ்சம் அழுதார்.

சரி, இதில் என் கதை எங்கே வருகிறது? றோஸ்மேரி அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் பின்னேரத் துப்புரவு வேலை கிடைத்திருந்தது. எலிசாவின் garderie, அதாவது பிள்ளைகள் காப்பகம், ஆறு மணிக்குப் பூட்டிவிடும். அதன் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது? எனக்கோ திங்கள், புதன், வெள்ளி ஆறரைக்கு வகுப்பு. அன்ரனா, கேபிள், தொலைத்தொடர்பு வேலைகள் படிப்பிக்கும் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம். இரண்டு தவணை முடித்துவிட்டேன். இன்னும் இரண்டு.

றொசான் மூன்று வருடத்துக்கு முன் அதே பள்ளிக்கூடத்தில் அதே படிப்பை இரண்டாம் தவணையில் விட்டவர். அதை வீட்டில் யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

டெனிஸ்டன்தான் எனக்காகக் கதைத்தார். "அண்ணியைப் படிக்க விடுங்கோ, அம்மா." கடைசியில் மாமி ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"படிச்சது உண்மையெண்டால் டிஷ்ஷைப் பூட்டி, சனிக்கிழமை என்ர பிள்ளையைக் காட்டட்டும். காட்டினால் வகுப்பு. இல்லையெண்டால் எலிசா."

நான் ஓம் என்றேன். அந்த ஓமை அவ்வளவு கெதியாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது நினைக்கிறேன்.

*

வின்சன்ட் அத்தானிடம் ஏற்கெனவே ஒரு டிஷ் இருந்தது. ஜூலை முதலாம் திகதி, ஊர் முழுக்க வீடு மாறும் நாளில், யாரோ தெருவோரம் போட்டுவிட்டுப் போனது. முட்டை வடிவம், சின்னது.

"இதுக்கு என்ன குறை?" என்று கேட்டார்.

"இது காசு கட்டிப் பாக்கிற கம்பனியின்ர டிஷ், அத்தான். முனையில இருக்கிற இந்தப் பெட்டி அவையின்ர அலைக்கெண்டு செய்தது. எங்கட சனலுக்கு வேற பெட்டி வேணும். தட்டும் தொண்ணூறு சென்ரிமீற்றர் வேணும். சின்னதெண்டால் ஒரு மழைக்கே படம் போயிடும்."

"தொண்ணூறோ! அதில எலிசாவைக் குளிப்பாட்டலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வகுப்பில் படிக்கும் ஒருவர் பழைய தொண்ணூறு சென்ரிமீற்றர் டிஷ் ஒன்றைச் சும்மா தந்தார். மெட்றோவில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ரயில்பெட்டியில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அடுத்த சண்டை திசைக்கு.

"டிஷ் எல்லாம் தெற்கைத்தான் பாக்கும்," என்றார் அத்தான். "அது எனக்கும் தெரியும்." பின்பக்கத்து மாடிப்படியில் நின்று கையை நீட்டினார். மலைச்சரிவில் சூசையப்பர் கோயிலின் பச்சைக் குவிமாடம் தெரிந்தது. "அதுதான் தெற்கு. அதைப் பாத்துப் பூட்டு."

மொன்றியலில் இருபது வருடம் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பஸ்ஸிலும் தெருப் பலகையிலும் அந்தப் பக்கத்துக்குத்தான் தெற்கு என்று எழுதியிருக்கிறது. ஆனால் இந்த ஊரின் தெற்கு சூரியனின் தெற்கு அல்ல. வகுப்பில் முதல் கிழமையே அதைச் சொல்லித் தந்தார்கள். நவம்பரில் பதினொன்று முப்பத்தெட்டுக்குச் சூரியன் உச்சிக்கு வரும். அப்போது ஒரு கம்பியின் நிழல் நேர் வடக்கே விழும். அதற்கு எதிர்ப்பக்கம்தான் உண்மையான தெற்கு.

நான் கூரையில் கம்பி நட்டு, நிழலின் மேல் சோக்கால் கோடு போட்டேன். தெற்கிலிருந்து மேற்குப் பக்கமாக முப்பத்தொரு பாகை. டிஷ் நேராக ஸ்னோடன் பக்கத்துத் தெருவைப் பார்த்தது. அந்தத் தெருவின் பெயரோடு மேற்கு என்று எழுதியிருக்கும்.

"சூசையப்பருக்குக் குண்டியைக் காட்டிற டிஷ்ஷில பூசை வருமோ?" என்றார் அத்தான். தானும் மேலே வந்து திருத்தியிருப்பார். ஆனால் அவருக்கு இடுப்பு வருத்தம். ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறமாட்டார்.

வீட்டுக்காரர் கூரையில் ஓட்டை போடக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே மூன்று கால் சட்டம் ஒன்றை வைத்து, ஒவ்வொரு காலிலும் இரண்டு சீமெந்துக் கல் ஏற்றினேன். றொசான்தான் கற்களைத் தூக்கித் தந்தார். நட்டை இறுக்கிய பிறகு, றோஸ்மேரி அக்காவின் சிவப்பு நெயில் பொலிஷால் நட்டிலிருந்து டிஷ் நிற்கும் குழாய்க்கு ஒரு கோடு இழுத்தேன். நட்டு அசைந்தால் கோடு உடையும். இதுவும் வகுப்பில் படித்ததுதான்.

"இதென்ன, டிஷ்ஷுக்குக் கலியாணமோ?" என்று றொசான் கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைத்தேன்.

*

சனிக்கிழமை எனக்கு டோர்வலில் காலை ஐந்து மணி வேலை. விமானத்துக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவது. பன்னிரண்டு நாற்பதுக்கு வீட்டுக்கு வந்தேன்.

மாமி தயாராக இருந்தார். நாவல் நிறப் பட்டுச்சேலை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் செபமாலை. ஊசி ஏற்றும் கை வீங்கியிருந்ததால் சட்டையின் கையைப் பிரித்துத் தைத்திருந்தார். ரீவிக்கு முன்னால் நடுக் கதிரையில் அசையாமல் இருந்தார்.

"மாமி, சாப்பிட்டீங்களோ?"

"பூசைக்கு முதல் ஆரும் சாப்பிடுவினமே?"

ஒன்றரைக்கு எங்கள் கோயில் பங்கிலிருந்து இரண்டு பெண்கள் கேக்கோடு வந்தார்கள். ஒன்று ஐம்பதுக்கு நான் ரீவியைப் போட்டேன்.

திரை கறுப்பு. நடுவில் ஒரு நீலப் பெட்டி. சிக்னல் இல்லை.

ரிமோட்டைத் திரும்ப அமுக்கினேன். சிக்னல் இல்லை.

"என்ன பிள்ளை," என்றார் வின்சன்ட் அத்தான், "கறுப்புப் பூசையோ?"

"நேற்று வந்தது, அத்தான். எழுபத்தெட்டு வீதம்."

"ஆர் கண்டது?"

"றொசான் கண்டவர்."

எல்லோரும் றொசானைப் பார்த்தார்கள். அவர் எலிசாவை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏதோ கோடு கோடா வந்த மாதிரித்தான் இருந்தது," என்றார். "எனக்கு வடிவாத் தெரியேல்லை."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சப்பாத்தைப் பார்த்தார்.

அந்த இடத்தில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. எனக்கு வந்த முதல் நினைப்பு, ஒருவேளை கோடு கோடாகத்தான் வந்ததோ, நான்தான் ஆசையில் படம் என்று எழுதிவிட்டேனோ என்பது.

வின்சன்ட் அத்தான் மேசையில் இருந்த என் கொப்பியை எடுத்துப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினார். "கேளுங்கோ. திகதி, திசை, உயரம், சிக்னல், பிழை, காரணம். டொக்டர்மார் கூட இப்பிடி எழுதமாட்டினம். இஞ்சினியர் அம்மா, பிழை வந்திட்டுது. காரணம் என்ன, சொல்லுங்கோ பாப்பம்?"

பெண்களில் ஒருவர் வாயைப் பொத்திச் சிரித்தார்.

வகுப்பில் ஒரு ஒழுங்கு சொல்லித் தந்திருக்கிறார்கள். பிழை வந்தால் கிட்ட இருப்பதிலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். முதலில் றிசீவர், பிறகு இணைப்பு, பிறகு கேபிள், கடைசியில் கூரை. நான் அப்படியே செய்தேன். றிசீவரை நிறுத்திப் போட்டேன். கேபிள் முனையின் திருகியைக் கழற்றிப் பார்த்தேன், ஈரமில்லை. யன்னல் இடுக்கால் வரும் தட்டைக் கேபிளைத் தடவிப் பார்த்தேன், எங்கும் நசுங்கவில்லை. ஒவ்வொன்றாகச் செய்ய இருபத்திரண்டு நிமிடம் போனது. பிழை என்னுடையது என்று நம்பியதால் என் கை பட்ட இடங்களையே திரும்பத் திரும்பத் தேடினேன்.

"இப்ப பவனி வந்து கொண்டிருக்கும்," என்றார் மாமி. யாரிடமும் சொல்லவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துச் சொன்னார்.

*

பின்படியால் ஏறி ஏணியைப் பிடித்துக் கூரைக்குப் போனேன். குளிர் காற்று. காலையில் விழுந்த பனி கரைந்து கூரை ஈரமாக இருந்தது.

டிஷ் சூசையப்பர் கோயில் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

காற்றுத் திருப்பவில்லை. கற்கள் இடத்தில் இருந்தன. நெயில் பொலிஷ் கோடு உடைந்திருந்தது. ஒரு பாதி நட்டில், மற்றப் பாதி குழாயின் சுற்றில் வேறெங்கோ. நட்டு திரும்பவும் இறுக்கப்பட்டிருந்தது, நான் இறுக்கியதைவிட அதிகமாக.

வின்சன்ட் அத்தான் என்று முதலில் நினைத்தேன். குவிமாடம், குவிமாடம் என்று நின்றவர் அவர்தானே. பிறகு ஏணியைப் பார்த்தேன். மூன்றாம் படி.

என் கருவிப் பையில் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பனர் இல்லை. அது இல்லாமல் அந்த நட்டு அசையாது. பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன். பத்து இருந்தது, பதினொன்று இருந்தது, பதின்மூன்று இல்லை. நேற்று அதைத் துடைத்து உள்ளே வைத்ததாக எனக்கு ஞாபகம். ஞாபகம் சரிதானா என்று தெரியவில்லை.

"றொசான்!" என்று கீழே குனிந்து கூப்பிட்டேன். "பெரிய ஸ்பனரைக் கண்டனீங்களோ?"

"தேடுறன்!"

பத்து நிமிடம் நின்றேன்.

"றொசான்!"

"தேடுறன் எண்டு சொன்னனே!"

விரலால் திருகிப் பார்த்தேன். நகம் கிழிந்தது. அப்போது ஏணியின் அடியில் றோஸ்மேரி அக்கா வந்து நின்று ஒரு குறடு எடுத்து நீட்டினார்.

"இந்தா. கெதியா முடி. மாமி அங்க சிலை மாதிரி இருக்கிறா, எனக்குப் பாக்கவே ஏலாமல் கிடக்கு." பிறகு, இரக்கம் காட்டிவிட்டோமோ என்று நினைத்தவர்போல, "வராட்டில் சொல்லு, திங்கள் தொடக்கம் நான் வேலைக்குப் போகவேணும்," என்றார்.

குறடு நட்டின் விளிம்பைத் தின்றது. கால் மணித்தியாலம் போராடி, நாலாவது முறை நட்டு இளகியது. உடைந்த சிவப்புக் கோட்டின் இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று சேரும்வரை டிஷ்ஷைத் திருப்பினேன். அளக்கத் தேவை இருக்கவில்லை. நேற்றைய கோடே போதுமாக இருந்தது.

கீழே யாரோ கத்தினார்கள். படம் வந்துவிட்டது.

நேரம் மூன்று ஏழு.

நான் ஓடிப் போய் நின்றபோது திரையில் ஒரு கோயிலின் உட்புறம் தெரிந்தது. படம் அத்தனை தெளிவு. பாடகர் குழுவின் சேலைக் கரைகூடத் தெரிந்தது. சனம் எழுந்து வாசலை நோக்கித் திரும்பியிருந்தது. வெள்ளை உடுப்புக் குருக்கள் வரிசையாக வெளியே போனார்கள். கடைசி வரிசையில் ஒல்லியான ஒருவரின் முதுகு, கழுத்தில் கறுப்பு மச்சம்.

"அவன்," என்றார் மாமி. "அது அவன்ர கழுத்து."

முதுகு வாசலைத் தாண்டியது. ஒரு வெயில் வெளிச்சம். பிறகு எழுத்துகள் ஓடின.

மாமி கதிரையிலிருந்து எழும்பவில்லை. குருவாக்க ஆயர் எண்ணெய் பூசிய மகனின் கையை அவர் காணவில்லை. தன் இடத்தில் நின்றது யாரென்று காணவில்லை. முதல் ஆசீர்வாதத்தைக் காணவில்லை.

"படம் வந்ததுதானே," என்றார் பங்குப் பெண் ஒருவர், ஆறுதலாக.

"பந்தி முடிய இலை போட்ட மாதிரி," என்றார் வின்சன்ட் அத்தான்.

மாமி என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "திங்கள் போன் பண்ணி வகுப்பை நிப்பாட்டிப்போடு."

*

அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தேன். ஹீற்றரின் மேல் றொசானின் சாம்பல் நிறக் கம்பளிக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. வலது கையுறையின் விரல் நுனிகளில் சிவப்பு. முதலில் இரத்தம் என்று பதறினேன். தொட்டுப் பார்த்தேன். சின்னச் சின்னச் செதில்கள், காய்ந்த வண்ணம்.

கதவுக்குப் பின்னால் அவருடைய ஜக்கெற் தொங்கியது. உட்பையில் கையை விட்டேன். பதின்மூன்றாம் நம்பர்.

றொசான் உள்ளே வந்தபோது ஸ்பனர் என் மடியில் இருந்தது. அவர் கதவைச் சாத்தினார்.

"பூசை முடியத் திருப்பி வைப்பமெண்டுதான் இருந்தனான்," என்றார்.

"உங்கட அம்மா, றொசான்."

"ஒரு மாசத்தில நெற்றில வரும்தானே. அவா பேந்து பாப்பா."

"ஏன்?"

அவருடைய குரல் பெரிதாக இல்லை. அது கூடுதலாகப் பயமாக இருந்தது.

"உனக்கு ஏன் எல்லாம் சரியா வரவேணும்? ஒருக்காச் சொல்லு பாப்பம். நான் அந்த வகுப்பில இருந்து எழும்பி வந்த நாள் அண்ணை இப்பிடித்தான் சிரிச்சவர். இரண்டு வருசம் சிரிச்சவர். நீ போய் அதே வாங்கில இருந்து எழுபத்தெட்டு, எண்பது எண்டு எழுதிக்கொண்டு வாறாய். இண்டைக்கு உன்னைப் பாத்துச் சிரிக்கட்டும். உனக்கும் தெரியட்டும்."

அப்போதுதான் கதவு திறந்தது. மாமி நின்றார்.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. அவருடைய கண் என் மடியில் இருந்த ஸ்பனருக்குப் போனது, பிறகு ஹீற்றருக்கு. மெதுவாக நடந்து வந்து கையுறையை எடுத்தார். விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு செதிலைச் சுரண்டினார்.

மாமி மகனை அடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம்.

அவர் யன்னலைத் திறந்து, கையுறைகளை ஒன்றோடொன்று அடித்து உதறினார். ஐந்து, ஆறு தரம். சிவப்பெல்லாம் காற்றோடு போகும்வரை. பிறகு அவற்றை மடித்து றொசானின் கையில் வைத்தார். அவருடைய கன்னத்தையும் ஒருமுறை தொட்டார்.

"வெளியில ஆக்கள் இருக்கினம்," என்று என்னிடம் சொன்னார். "தேத்தண்ணி ஊத்து."

"மாமி, நீங்கள் கண்டனீங்கள்..."

"நான் ஒண்டும் காணேல்லை. காணவேண்டியதையே காணேல்லை."

நான் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். பெண்களிடம் மாமி சொல்வது குசினிக்குக் கேட்டது. "பாவம், அவளுக்கு இன்னும் சரியாப் பிடிபடேல்லை. விடுங்கோ. பிள்ளையைப் பாத்துக்கொண்டு வீட்டில இருக்கட்டும்."

*

ஏழரைக்குப் போன் அடித்தது. மன்னாரில் காலை ஆறு மணி. மாமிக்குக் காது மந்தம் என்பதால் போனை எப்போதும் சத்தமாகப் போட்டுத்தான் கதைப்பார். எல்லோரும் கூடத்தில் இருந்தோம்.

"அம்மா! பாத்தனீங்களோ?"

மாமி செபமாலையைக் கையில் சுற்றினார்.

"ஓம் அப்பு. பாத்தனான். முழுக்கப் பாத்தனான்."

வின்சன்ட் அத்தான் தலையை நிமிர்த்தினார். றோஸ்மேரி அக்கா எலிசாவுக்குத் தலை வாரிய கையை நிறுத்தினார்.

"எண்ணெய் பூசினது தெரிஞ்சுதோ?"

"கண்ணால கண்டனான், ராசா. உன்ர கை நடுங்கினது."

"படம் தெளிவோ?"

"நல்ல தெளிவு."

போனில் டெனிஸ்டன் பெருமூச்சு விடுவது கேட்டது. "அப்ப அண்ணி வென்றிட்டா! நான் அப்பவே சொன்னனான். இனி அவா வகுப்புக்குப் போகலாம்தானே?"

மாமி என்னைப் பார்த்தார். குரல் தேன் மாதிரி இருந்தது.

"அவள் தானாத்தான் விடுறன் எண்டு நிக்கிறாள், அப்பு. எலிசாவோட இருக்கத்தான் விருப்பமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்திட்டன்."

"உண்மையோ? அண்ணியிட்டக் குடுங்கோ."

மாமி போனை நீட்டினார். கண்ணாலேயே சொன்னார்: ஓம் எண்டு சொல்லு. கதவடியில் றொசான் நின்றார். கையுறைகள் அவருடைய பொக்கற்றில் துருத்திக்கொண்டிருந்தன.

என் கொப்பி மேசையில் திறந்து கிடந்தது. சனிக்கிழமை. பிழை: திசை மாறியிருந்தது. காரணம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. நான் அதுவரை ஒருநாளும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டதில்லை.

"அண்ணி? அம்மா சொல்லுறது உண்மையோ?"

றொசானின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். செதில்கள் தெருவில் கிடந்தன. ஆனால் ஒரு பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

"பாதர்," என்றேன். அவரை முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டேன். "என்ர கதையைப் பேந்து கதைப்பம். அம்மா எல்லாத்தையும் பாத்தவா. உங்களைப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தவையைக் கண்டிட்டு எவ்வளவு அழுதவா தெரியுமோ? ஆரெண்டு அவாவின்ர வாயாலேயே கேளுங்கோ."

போனை மாமியின் வீங்கிய கையில் திரும்ப வைத்தேன்.

அது கொடுமை என்று எனக்குத் தெரியும். சரியா என்று தெரியவில்லை.

"ஓம் அம்மா!" டெனிஸ்டனின் குரல் சிறுபிள்ளையின் குரலாக மாறியிருந்தது. "சொல்லுங்கோ! ஆரைக் கண்டனீங்கள்?"

மாமி வின்சன்ட் அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தார். மாமி றொசானைத் தேடினார். றொசான் கதவடியில் இல்லை.

"அம்மா? கேக்குதோ?"

கடைசியில் மாமி ரீவியைப் பார்த்தார். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தோம். எங்கோ வேறொரு நாட்டுக் கோயிலில், தெரியாத யாரோ ஒரு குருவானவர், கண்ணாடி போன்ற தெளிவில் பூசை வைத்துக்கொண்டிருந்தார்.